வெளியிலிருந்து ஆதரவு

"தெரியலையே கண்ணு" என்று சொல்லிவிட்டு டெர்பி நகரத்து டோரதி அம்மாள் போனை வைத்தார்.

ஷாகிர் திரையில் ஆறாவது கட்டத்தை அழுத்தினான். ஆறாவது கட்டம் என்றால் 'தெரியாது'. மதியம் வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்த ஒரு கட்டத்தைத் தவிர வேறு எதையும் அழுத்த அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

டோரதி அம்மாள் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் எந்த ஊர் இங்கிலீஷும் ஷாகிரின் காதுக்குள் நுழைந்து மண்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் மதுரைத் தமிழாகிவிடும். அவன் காதில் விழுந்தபடியே இங்கே எழுதியிருக்கிறது. நமக்கும் அதுதான் வசதி.

ஆனையூரில் ஒரு கட்டில் பீரோ கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கால் சென்டர். போன வாரம் பிரிட்டனில் பொதுத்தேர்தல் முடிந்து, ஓட்டு எண்ணி, யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று ஆகியிருந்தது. லண்டனில் ஒரு ஆய்வு நிறுவனம் இவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. ஓட்டுப் போட்ட பொதுமக்களைக் கூப்பிட்டு, யாரும் யாரும் கூட்டணி வைத்தால் உங்களுக்குச் சம்மதம் என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஒரு கூட்டணி. ஒன்றும் தெரியாதவர்களுக்கு ஆறாவது. ஓட்டுப் போட்டவர்களின் நம்பர்கள் என்று சொல்லி ஒரு நீளமான பட்டியலும் வந்திருந்தது. போனில் ஷாகிரின் பெயர் ஷான். பக்கத்து சீட் பால்பாண்டி பாதிப் பெயரை வெட்டிவிட்டு பால் ஆகியிருந்தார்.

டீம் லீடர் மைத்ரேயி பின்னால் வந்து நின்றார்.

"ஷாகிர், உங்க ரிப்போர்ட்ல தெரியாது, தெரியாது, தெரியாது. இதைத் தெரிஞ்சுக்கவா கிளையன்ட் காசு குடுக்கிறாங்க?"

"அவங்களுக்கு நெசமாவே தெரியலை மேம்."

"கூட்டணி விஷயம் எப்படிங்க தெரியாமப் போகும்?"

ஷாகிருக்கும் அதுதான் புரியவில்லை. மதுரையில் கூட்டணியைப் பற்றிக் கேட்டுத் தெரியாது என்று சொன்ன ஒரு ஆளை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே மூன்று கணக்குச் சொல்வார். பல் பிடுங்க உட்கார்ந்திருப்பவர்கூடக் கன்னத்தைப் பிடித்தபடி நாலாவது கணக்கு ஒன்றைச் சொல்வார். அங்கே பார்த்தால் ஒரு நாடே தெரியாது என்கிறது.

தெரியாது என்ற பதில் கால்வாசிக்கு மேல் போனால் வேலை நிரந்தரம் ஆகாது என்று மைத்ரேயி ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். சனிக்கிழமையோடு ஷாகிரின் புரொபேஷன் முடிகிறது. அன்றைக்கு நிரந்தரம் ஆகவில்லையென்றால் திங்கள்கிழமை கீழமாசி வீதியில் அத்தாவின் கயிறு, சாக்குக் கடையில் போய் உட்கார வேண்டும். அத்தா சேக் இஸ்மாயில் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அவனுக்கென்று ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார். சணல் தூசி பட்டால் ஷாகிருக்குத் தும்மல் நிற்காது. தூசியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கயிறு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "நம்ம பயதான், பி.ஏ. முடிச்சுட்டுச் சும்மா இருக்கான்" என்று அறிமுகம் நடக்கும். அதைத் தாங்க முடியாது.

பால்பாண்டி ஒரு வழி சொன்னார். அவர் வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். இந்த ஆபீசில் மூன்று வருஷமாக எந்தச் சேதாரமும் இல்லாமல் பிழைத்திருந்தார்.

"மாப்ள, நீ குழைஞ்சு குழைஞ்சு கேக்குற. கடைக்காரன்ட்ட பாக்கிச் சில்லறை கேக்குற மாதிரி அழுத்திக் கேளு. எதையாச்சும் சொல்லித் தொலைவாங்க."

ஷாகிர் அழுத்திக் கேட்டான். நார்விச்சில் ஒருவர் உன் மேலதிகாரி நம்பரைக் கொடு என்றார். லீட்ஸில் ஒரு பெண் அவனுடைய அம்மாவைப் பற்றி ஏதோ விசாரித்தார். மற்றவர்கள் பேசாமல் போனை வைத்துவிட்டார்கள். மாலைக்குள் தெரியாது குறைந்தது. அதே அளவுக்கு 'பேச மறுத்தார்' கூடியது. மைத்ரேயியின் கணக்கில் இரண்டும் ஒரே குப்பைதான்.

அடுத்த நாள் விகன் என்ற ஊரில் கென் மாட்டினார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவரும் தெரியாது என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுப் போனை வைக்கவில்லை.

"ஏப்பா, கூட்டணி கூட்டணிங்கிறீங்களே, அதுல என்னதான் செய்வாங்க?"

ஷாகிர் சுற்றிலும் பார்த்தான். மைத்ரேயி கேன்டீன் பக்கம் போயிருந்தார். சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். இது கருத்து இல்லை, விளக்கம் என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான்.

"மொதல்ல சின்னக் கட்சி, நிபந்தனை இல்லாம ஆதரவு தாரோம்னு சொல்லும்ணே."

"நல்ல மனுசங்களா இருக்காங்களே."

"அப்படி இல்லண்ணே. நிபந்தனைய இன்னும் வெளிய சொல்லலைன்னு அர்த்தம்."

"அடேங்கப்பா" என்றார் கென். அவருக்கு இத்தனை வயதில் இதை யாரும் சொன்னதில்லை போலிருந்தது. ஷாகிர் தொடர்ந்தான். எந்த இலாகா யாருக்கு என்று ஒரு குழு பேசும். பேச்சு சுமுகமாகப் போகிறது என்று வெளியே வந்து சொன்னால் உள்ளே நாற்காலி உடைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். இலாகா கிடைக்காதவர்களுக்கு வாரியத் தலைவர் பதவி. அதுவும் கிடைக்காதவர்கள் வெளியிலிருந்து ஆதரவு.

"வெளியிலிருந்துன்னா?"

"கல்யாணத்துக்கு வருவாங்க, மொய் வைப்பாங்க, பந்தியில உக்கார மாட்டாங்க. ஆனா சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொல்ற உரிமை உண்டு."

"அப்ப இந்த பஸ்ஸு இலாகா யாருக்குப் போகும்?" கென்னின் குரலே மாறியிருந்தது.

அன்று ஷாகிர் யாரிடமும் தெரியாது என்ற பதிலை வாங்கவில்லை. கென் மட்டும் ஒரு பக்கத்துக்குப் பதில் சொன்னார். வேல்ஸ் பக்கம் மலையில் ஆடு வளர்க்கும் ஈவான் அரைப் பக்கம் சொன்னார். மறுபடி கூப்பிட்டதில் டோரதி அம்மாளும் விளக்கத்தைக் கேட்டுவிட்டு ஒரு கூட்டணியைச் சொன்னார், மறுநிமிஷமே அதை மாற்றினார். இவை எதுவும் ஐந்து கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'மற்றவை' என்ற இடத்தில் ஷாகிர் தட்டச்சு செய்து தள்ளினான்.

மைத்ரேயி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ஒரு காலுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் கணக்கு. நீங்க கல்யாணப் பந்தி முடியுற நேரம் எடுக்கிறீங்க. இந்த சராசரியோட உங்கள கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி நான் எப்படி எழுதுறது?"

சராசரியைக் குறைக்க ஷாகிர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். இதுவரை கண்டுபிடித்ததிலேயே மோசமான வழி அதுதான். போனில் கான்ஃபரன்ஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. மூன்று பேரை ஒரே இணைப்பில் போட்டால் நேரம் மூன்றாக வகுபடும். அவன் கென்னையும் ஈவானையும் டோரதி அம்மாளையும் கூப்பிட்டு ஒன்றாகக் கோர்த்துவிட்டான்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. வணக்கம் சொல்லி, வானிலை பேசி, மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். பெரிய கட்சிக்கு ஆதரவு தரலாம் என்று மூவருமே ஒப்புக்கொண்டார்கள். அதற்கு என்ன கேட்பது என்பதில் வந்தது வினை. கென் போக்குவரத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டார். ஈவானுக்குக் கால்நடைத் துறை என்றார்.

"ஆட்ட நானே பாத்துக்குவேன்" என்றார் ஈவான். "எங்க மலைக்கு ரோடு வேணும். ரோடு இல்லைன்னா ஆதரவு இல்ல."

"அண்ணே, ரோட்டைக் கேக்காதீங்க" என்று ஷாகிர் இடையில் புகுந்தான். "ரோடு போடுற துறையைக் கேளுங்க. ரோடு தன்னால வீட்டு வாசலுக்கு வரும்."

"ரோடும் பஸ்ஸும் ஒரே துறை. அது என்கிட்ட இருக்கு" என்றார் கென்.

"உன்கிட்ட யாரு குடுத்தா?"

ஷாகிர் இருவரையும் அமர்த்தினான். டோரதி அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் கண்ணு. இவுக ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தாப் போதும்."

சின்னக் கட்சிகள் ஆரம்பத்தில் இப்படித்தான் பேசும் என்பது ஷாகிருக்குத் தெரியும். அவன் நினைத்தது சரிதான். பேச்சு முடிவதற்குள் டோரதி அம்மாள் சுகாதாரத் துறையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். ஈவான் கோபித்துக்கொண்டு, இனிமேல் வெளியிலிருந்துதான் ஆதரவு என்று அறிவித்தார். அறிவித்துவிட்டுப் போனை வைக்கவில்லை. பேசாமல் இணைப்பிலேயே இருந்தார். அவர் பக்கமிருந்து ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

இடையில் மைத்ரேயி கூப்பிட்டார் என்று ஷாகிர் எழுந்து போனான். திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டியபோது மூவரும் ஒரே ஊர்க்காரர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஈவான் கூட்டணிக்குத் திரும்பியிருந்தார். அவன் நன்றி சொல்லி இணைப்பைத் துண்டிக்கப் போனான்.

"இன்னும் பேச்சுவார்த்தை முடியலையேப்பா" என்றார் கென். "நாளைக்கு இதே நேரத்துக்கு நாங்களே கூப்பிடுறோம்."

கூப்பிட்டார்கள். கென் தன்னோடு பந்து உருட்டும் சங்கத்து நண்பர்களுக்கும் நம்பரைக் கொடுத்திருந்தார். அவர்கள் தங்கள் மனைவிமார்களுக்குக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஷிஃப்ட் தொடங்கியபோது ஆபீசில் உள்ள அத்தனை லைனிலும் பிரிட்டிஷ்காரர்கள் ஷானுக்காகக் காத்திருந்தார்கள். வெளியே கூப்பிட ஒரு லைன்கூட மிச்சம் இல்லை. பால்பாண்டி ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாப்ள, எனக்கு ஒரு அம்மா கெடச்சிருக்கு. மீன்வளம் வேணுமாம். குடுத்துரவா?"

"எதையும் குடுத்துறாதீங்கண்ணே. பரிசீலனையில இருக்குன்னு சொல்லுங்க."

கூட்டத்தைக் குறைக்க ஷாகிர் ஒரு ஏற்பாடு செய்தான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பிரதிநிதி பேசினால் போதும், மற்றவர்கள் போனை வைத்துவிடலாம் என்றான். போனை வைப்பதற்குப் பதிலாக எல்லா ஊரிலும் பிரதிநிதி யார் என்று சண்டை தொடங்கியது. விகனில் கென்னுக்கு எதிராக ஒரு அணி உருவாகிவிட்டது.

மைத்ரேயி தன் இடத்திலிருந்து ஷாகிரின் போன் பேச்சை ஒட்டுக்கேட்கத் தொடங்கினார். அது அவருடைய வேலைதான். குறிப்பெடுத்து, நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க வேண்டும். வெகுநேரம் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டார். பிறகு ஷாகிரின் திரையில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவன் பயந்துகொண்டே திறந்தான்.

'சபாநாயகர் பதவியை ஏன் யாருமே கேக்கலை? கேக்கச் சொல்லுங்க.'

ஷாகிர் கேட்கச் சொன்னான். உடனே நாலு பேர் கேட்டார்கள். அதோடு ஆபீசின் இணைப்பு மொத்தமும் படுத்துவிட்டது.

மேனேஜர் கிருஷ்ணபிரசாத் அறையை விட்டு வெளியே வந்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். 'மற்றவை' என்ற இடத்தில் பிரிட்டனுக்கு ஒரு முழு மந்திரிசபை இருந்தது. விகனுக்கும் வேல்ஸுக்கும் தலா ஒரு வாரியம் ஒதுக்கியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது லண்டனுக்குப் போயிருச்சா?"

"நேத்தே போயிருச்சு சார்."

"நாளைக்கு கிளையன்ட் லைன்ல வாராங்க. அந்த மூணு பேர்கிட்டயும் அவங்களே நேரா கேக்கணுமாம். கிளையன்ட் வேணாம்னு சொன்னா, ஷாகிர், நாளையோட நீங்க வர வேண்டாம்." மைத்ரேயியின் பக்கம் திரும்பினார். "சபாநாயகர் விஷயமாவும் அப்புறம் பேசுவோம்."

அன்று வீட்டில் அத்தா, திங்கள்கிழமை எத்தனை மணிக்குக் கடைக்கு வரலாம் என்று சொல்லிவைத்தார். அம்மா அமீருன்னிசா ஒரு கைக்குட்டையை மடித்து எடுத்துவைத்தார். தூசிக்கு மூக்கில் கட்டிக்கொள்ளலாமாம்.

சனிக்கிழமை ஷாகிர் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். கிளையன்ட் வருவதற்கு முன்பே மூவரையும் கூப்பிட்டான். என் வேலை உங்கள் கையில் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னான். யார் என்ன கேட்டாலும் ஒன்றாம் நம்பர் கூட்டணி என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று கெஞ்சினான். மூவரும் உருகிப்போனார்கள். உனக்காக இதுகூடச் செய்ய மாட்டோமா என்றார் கென். டோரதி அம்மாள், மதியம் சாப்பிட்டியா கண்ணு என்று விசாரித்தார்.

மேனேஜர் அறையில் ஸ்பீக்கர் போனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் முன்னால் இரண்டு கவர்கள் இருந்தன. எது எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. மூவரும் காத்திருந்த இணைப்பில் லண்டனிலிருந்து ஹார்ட்லி என்ற அம்மையார் வந்து சேர்ந்தார். அவருடைய இங்கிலீஷ் மட்டும் பயத்தில் ஷாகிருக்குத் தமிழாக மறுத்தது. அவர் முதலில் கென்னிடம் எந்தக் கூட்டணி என்று கேட்டார்.

"ஒண்ணாம் நம்பர்" என்றார் கென். ஷாகிருக்கு மூச்சு வந்தது. "அப்படித்தான் சொல்லச் சொன்னாப்ல இந்தப் பையன். ஆனா நெசத்தச் சொல்லணும்ல. ராத்திரி ஈவான் புதுசா ஒரு நிபந்தனை போட்டுட்டான்."

"நான் போடலை. நீ பஸ் கட்டணத்தை ஏத்துவேன்னு சொன்ன" என்றார் ஈவான்.

"ஏத்தாம வண்டி எதுல ஓடும்? உன் ஆட்டுப் பால்லயா?"

மேனேஜர் ஒரு கவரை லேசாகத் தன் பக்கம் இழுத்தார். ஷாகிர் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்பீக்கரில் சண்டை வளர்ந்தது. பஸ், ரோடு, ஆட்டுக்கு மானியம், டெர்பியில் ஒரு காது டாக்டர் என்று விஷயம் விஷயமாகப் பிரித்து, கூட்டிக் கழித்து, ஒருவர் விட்டுக்கொடுத்து, இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் மூவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஈவான் இந்த முறை உள்ளேயிருந்தே ஆதரவு என்றார்.

ஹார்ட்லி அம்மையார் பக்கமிருந்து கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பேசினார். ஷாகிரின் காது மெல்ல மெல்ல வேலை செய்ய ஆரம்பித்தது.

தங்கள் நிறுவனம் இருபது வருஷமாக மக்களிடம் கருத்துக் கேட்டு வருகிறது, மக்கள் இவ்வளவு பொறுப்போடு அரசியல் பேசி ஒரு தடவைகூடத் தான் கேட்டதில்லை என்றார். இந்த மூவரையும் நிரந்தர வாக்காளர் குழுவாக வைத்துக்கொள்ளப் போவதாகவும், எந்த ஆட்சி வந்தாலும் மாதாமாதம் இவர்களிடம் கருத்துக் கேட்கப் போவதாகவும் சொன்னார். அதை நடத்த மதுரை ஆபீசுக்குத் தனி ஒப்பந்தம். நடத்த வேண்டியவர் ஷான். வேறு யாரும் கூடாது.

மேனேஜர் முதல் கவரை மேசை இழுப்பறைக்குள் போட்டார். இரண்டாவது கவரைப் பிரித்து, உள்ளே இருந்த தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மைத்ரேயி மேசைக்கு அடியில் ஷாகிரின் காலை ஒரு மிதி மிதித்தார். பாராட்டுதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பால்பாண்டி, என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டார். ஷாகிர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி என்றார் ஹார்ட்லி அம்மையார். ஆய்வு ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டும் என்பதால், போன வாரத் தேர்தலில் யார் எந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். பெயர் வெளியே வராது, தைரியமாகச் சொல்லலாம்.

கென் தொண்டையைச் செருமினார். ஈவான் பக்கம் ஆடு கத்தியது. மேனேஜரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. டோரதி அம்மாள்தான் பதில் சொன்னார்.

"ஓட்டா? நாங்க மூணு பேருமே போடலையே கண்ணு. எங்க மூணு பேருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்."